அக்சியோ 141: வோட்டர் பம்புக்குக் கீழ ரோஸ் கறை. பம்ப் மாத்தணுமா, கூலண்ட் மாத்தினாப் போதுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம். கார் 2008 டொயோட்டா அக்சியோ 141, 1என்.இசட். எஞ்சின், ஓடினது 162,000 கிலோமீற்றர். ரிசேர்வ் போத்தல்ல கூலண்ட் (எஞ்சினைக் குளிராக்கிற நிறத் தண்ணி) மெல்ல மெல்லக் குறையுது. மாதத்துக்கு அரை லீற்றர் மட்டுக்கு ஊத்த வேண்டிக் கிடக்கு. நிறுத்துற இடத்தில நிலத்தில ஒரு சொட்டும் இல்ல. டோர்ச் அடிச்சுப் பாத்தா வோட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால, கீழ்ப்பக்கமா, காஞ்ச ரோஸ் கலர்க் கறை பிடிச்சிருக்கு. சத்தம் ஒண்டும் இல்ல.

ஊருக்குள்ள ஓடக்குள்ள பிரச்சினையே இல்ல. மகியங்கனையால கண்டிக்கு ஏறக்குள்ள, ஏ.சி.யும் போட்டு ஆக்களும் நிறைய இருந்த நேரம், பதினெட்டு வளைவில சிவப்பு லைட் வந்து கொஞ்சத்தில அணைஞ்சுது. இந்தக் காருக்கு வெப்பம் காட்டுற முள்ளு இல்ல, நீல லைட்டும் சிவப்பு லைட்டும் மட்டும்தான்.

ஒரு கராஜில சொல்றாங்க, பம்பையும் ரேடியேட்டரையும் மாத்து, தேர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேத்த மாதிரிக் கூலண்ட் வழியைத் திறந்து மூடுற வால்வு) கழட்டி எறி, நம்மட வெயிலுக்கு அது தேவையில்ல, கூலண்டும் வேணாம், பச்சத் தண்ணி போதும் எண்டு. இன்னொரு இடத்தில, பம்ப் சத்தம் போடும் மட்டும் தொடாத எண்டு சொல்றாங்க. எத கேக்கிற எண்டு விளங்கல்ல. பம்புக்குக் கிலோமீற்றர் கணக்கு ஒண்டு இருக்கா? டைமிங் பெல்ட்டோட சேத்து மாத்தணும் எண்டு வேற கேள்விப்பட்டன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

பத்தாம் நம்பர் ஸ்பெனர் (களுவாஞ்சிக்குடி)

உங்கட எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இல்ல தம்பி, செயின். வோட்டர் பம்ப் வெளியில இருக்கு. ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கொம்ப்ரெசரையும் சுத்துற அதே பெல்ட்டுதான் அதையும் சுத்துது. அதால "இத்தன கிலோமீற்றரில மாத்து" எண்ட சட்டம் இந்தப் பம்புக்கு இல்ல. பழுதாகிற அறிகுறி வந்தா மாத்துறதுதான். உங்களுக்கு அறிகுறி வந்திட்டுது.

அந்தக் கறை எங்கால வருது எண்டு விளங்கினா ரெண்டாவது கராஜ் சொன்னது ஏன் பிழை எண்டும் விளங்கும். பம்புக்குள்ள ஒரு தண்டு. அதின்ட ஒரு முனையில புல்லி, மற்ற முனையில தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர், நடுவில பெயாரிங். கூலண்ட் பெயாரிங்குப் பக்கம் போகாம மறிக்கிறது ஒரு மெக்கானிக்கல் சீல். வழுவழுப்பான ரெண்டு வளையம், ஒண்டு நிக்கும், மற்றது அதில உரசிக்கொண்டு சுத்தும். அந்த உரசல் முகத்தை நனைச்சு வழுக்க வைக்கிறதும் குளிராக்கிறதும் கூலண்ட்தான். சீல் தேய்ஞ்சு கசிஞ்சா அது பெயாரிங்குக்குள்ள இறங்காம வெளிய போகட்டும் எண்டு பம்ப் உடம்பில ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. நீங்க கண்ட கறை அந்த ஓட்டையால வந்தது. நிலத்தில சொட்டு விழாததுக்குக் காரணம், கசியிறது எஞ்சின் சூட்டில அங்கனையே ஆவியாகிப் போக நிறம் மட்டும் படிஞ்சு நிக்கிறது.

புதுப் பம்பிலயும் அந்த ஓட்டைக்குக் கீழ லேசாக் கறை படியலாம், அது பெரிய விசயமில்ல. ஆனா கறையும் இருந்து போத்தல்ல மட்டமும் இறங்கினா சீல் போய்க்கொண்டிருக்கு எண்டுதான் அர்த்தம். சத்தம் வரும் மட்டும் பாத்துக்கொண்டிருந்தா, அந்தச் சத்தம் சீலின்ட சத்தமா இருக்காது. கசிவு பெயாரிங்குக்குள்ள போய்க் கிரீசைக் கழுவின பிறகு வாற சத்தம் அது. அதுக்குப் பிறகு புல்லி ஆடும், பெல்ட் விலகும், பெல்ட் கழண்டா ஆல்டர்னேட்டரும் நிக்கும், பம்பும் நிக்கும். மகாஓயாக் காட்டுக்குள்ள அது நடந்தா யோசிச்சுப் பாருங்க.

ஒரு சில ஆக்கள் அந்த ஓட்டையை எபொக்சி வச்சு அடைச்சு விடுவாங்க. செய்யவே விடாதீங்க. கசிவு நேராப் பெயாரிங்குக்குள்ள போகும்.

மாத்த முதல் உறுதிப்படுத்துறதுக்கு ரெண்டு வேலை இருக்கு. முதலாவது பிரஷர் டெஸ்ட். எஞ்சின் ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழட்டி, அந்த இடத்தில கைப்பம்பைப் பூட்டி, மூடியில எழுதியிருக்கிற அழுத்தம் வரைக்கும் அடிக்கணும். உங்கட காருக்கு 1.1 எண்டு இருக்கும், அது சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராம் கணக்கு. பத்து நிமிசம் முள்ளு இறங்காம நிக்கணும். இறங்கினா டோர்ச் அடிச்சுப் பம்ப், ஹோஸ் முனை, ரேடியேட்டரின்ட பிளாஸ்டிக் டாங்க் பொருத்து, எல்லா இடத்தையும் பாருங்க. பம்பை மட்டும் சந்தேகப்பட்டு மற்றதுகளை விட்டிரக்கூடாது. ரெண்டாவது, பெல்ட்டைக் கழட்டிப் புல்லியை மேல ஒரு கை, கீழ ஒரு கை பிடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டிப் பாருங்க. ஆட்டமே இருக்கக்கூடாது. கையால சுத்தக்குள்ள மணல் அரைபடுற மாதிரி உணர்ந்தா பெயாரிங்கும் போயிட்டுது.

நீங்க கேள்விப்பட்ட டைமிங் பெல்ட் கதை வேற எஞ்சின்களுக்கு. பழைய சிவிக்ல வாற டி15பி எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டே பம்பையும் சுத்துது. அங்க 100,000 கிலோமீற்றரில பெல்ட் மாத்தக்குள்ள பம்பு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், முன் ஒயில் சீல் எல்லாம் ஒரே தடவையில மாத்துறதுதான் புத்தி. பம்ப் நல்லா இருக்கு எண்டு விட்டா, பிறகு அது கசியக்குள்ள அதே கூலியைக் குடுத்து எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும். கசியிற கூலண்ட் புது டைமிங் பெல்ட்டையும் பழுதாக்கும்.

ரேடியேட்டர் காக்கா (சம்மாந்துறை)

மேல சொன்ன எல்லாம் சரி. ஆனா அந்தச் சிவப்பு லைட்டைப் பம்ப் தலையில மட்டும் கட்டிரக்கூடாது. மாதத்துக்கு அரை லீற்றர் கசிவை நீங்க ஊத்தி நிரப்பிக்கொண்டு வாறீங்க, அப்ப மட்டம் சரியா இருந்திருந்தா ஏத்தத்தில ஏன் சூடானது எண்டு பாக்கணும்.

எங்க சூடாகுது எண்டு பாத்தாலே பாதி விடை கிடைக்கும். டவுனுக்குள்ள நிண்டு நிண்டு போகக்குள்ள சூடாகி, ரோட்டில ஓட விட்டா இறங்கினா காத்துப் பிரச்சினை: பேன், பேன் ரிலே, பேன் மோட்டார். மெதுவா ஓடக்குள்ள ஒண்டுமில்ல, வேகத்திலயும் ஏத்தத்திலயும் மட்டும் சூடாகுது எண்டா ஓட்டம் பத்தாது: உள்ளுக்கு அடைச்ச ரேடியேட்டர், முழுசாத் திறக்காத தேர்மோஸ்டாட், தின்னுபட்ட இம்பெல்லர், உறிஞ்சி ஒட்டிப்போற கீழ் ஹோஸ். உங்கட கேஸ் ரெண்டாவது வகை.

முதல்ல ரேடியேட்டர் மூடியை மாத்துங்க. இதுக்குள்ள விலை குறைஞ்ச சாமான் அதுதான், ஆனா ஆக்கள் கடைசியாத்தான் அதப் பாப்பாங்க. தண்ணி சாதாரணமா 100 பாகையில கொதிக்கும். 1.1 மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா அதே தண்ணி 120 பாகை மட்டுக்கும் கொதிக்காம நிக்கும். கூலண்ட் கலந்திருந்தா இன்னும் கூட. மூடி ரப்பர் வெடிச்சு, ஸ்பிரிங் இளகினா ஏத்தத்தில கூலண்ட் கொதிச்சுப் போத்தலுக்குள்ள தள்ளும், நீராவிக் குமிழி எஞ்சின்ட மேல் பகுதியான ஹெட்டுக்குள்ள நிக்கும், லைட் எரியும். மூடிக்கு நடுவில இன்னொரு சின்ன வால்வு இருக்கு. எஞ்சின் ஆறக்குள்ள போத்தல்ல இருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்ச விடுறது அது. காலையில மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தா அந்த வால்வு ஒட்டிட்டுது. மாத்தக்குள்ள காருக்குரிய அதே அளவை வாங்குங்க. 1.1க்கு 0.9 போட்டாலும் பிழை, "கூடினா நல்லம்" எண்டு 1.3 போட்டாலும் பிழை. பழைய ரேடியேட்டரின்ட பிளாஸ்டிக் டாங்க் வெடிச்சிரும்.

மறுகா ரேடியேட்டர். நம்மட கரையோரத்தில உப்புக்காத்துப் பட்டு அலுமினிய செதில் பொரிஞ்சு உதிரும். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில மணலும் பூச்சியும் பஞ்சும் சேந்து ஒரு பாய் மாதிரி நிக்கும். முன்னால நிண்டு பாத்தா அது தெரியாது. மேல் கிளிப்பைக் கழட்டி இடைவெளிக்குள்ள டோர்ச் அடிக்கணும். கழுவக்குள்ள எஞ்சின் பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா, சாதாரண ஹோஸ் தண்ணி மட்டும். சேர்விஸ் ஸ்டேசன் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டப் பிடிச்சா செதில் எல்லாம் மடங்கிப் போகும், பிறகு காத்தே போகாது. விரலால தடவக்குள்ள செதில் மாவா உதிர்ந்தா அந்த ரேடியேட்டரைக் கழுவிப் பிரயோசனம் இல்ல, மாத்துங்க. உதிரல்ல, பிளாஸ்டிக் டாங்கும் கபில நிறமாகி வெடிப்பு விழல்ல எண்டா மாத்தத் தேவையில்ல.

தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியிற கதைக்கு வாறன். நாட்டில இப்பயும் சாகாம நிக்கிற மடைத்தனம் அது. உங்கட எஞ்சின்ல அது 80க்கும் 84க்கும் இடையில திறக்கத் தொடங்கும். அதுக்குப் பின்னால பைபாஸ் வால்வு ஒண்டும் சேந்தே வரும். எஞ்சின் சூடாகி மெயின் வால்வு திறக்கக்குள்ள பைபாஸ் வழி மூடுபடும், முழுக் கூலண்டும் ரேடியேட்டரைச் சுத்தித்தான் வரணும். தேர்மோஸ்டாட்டைக் கழட்டினா பைபாஸ் எப்பயும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள்ள திரும்பச் சுத்தும். சமதரையில எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது, கொம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர் எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட அடிக்கும், ஒயில் சேறாகும். ஏத்தத்தில பாத்தா முந்தியவிடச் சூடாகும். நீங்க பயப்படுற இடத்திலேயே அது காலை வாரும்.

சந்தேகம் எண்டா சட்டியில தண்ணி வச்சுக் கம்பியில கட்டித் தொங்க விட்டு, அடியில முட்டாம, தேர்மாமீற்றரோட சூடாக்கிப் பாருங்க. 84 தாண்டியும் அசையல்ல, அல்லது 95க்கு வந்தும் அரைவாசிதான் திறந்திருக்கு எண்டா புதுசு வாங்குங்க. 160,000 ஓடின காருக்குப் பம்ப் மாத்தக்குள்ள டெஸ்ட் பண்ணாமலே புதுசு போட்டாலும் பிழை இல்ல, கூலண்ட் எப்பிடியும் இறக்கத்தானே போறீங்க.

உப்புத்தண்ணி (கல்முனை)

"பச்சத் தண்ணி போதும்" எண்டதுக்கு ஆரும் பதில் சொல்லல்ல, அதால நான் எழுதிறன்.

நம்மட நாட்டில கூலண்ட் உறைஞ்சு போகாது, அதால கூலண்ட் குளிர்நாட்டுச் சாமான் எண்டு நினைக்கிறாங்க. உறையாம வைக்கிறது அதின்ட ஒரு வேலை மட்டும்தான். துரு பிடிக்காம, அலுமினியம் தின்னுபடாம வைக்கிற மருந்து அதுக்குள்ளதான் இருக்கு. பம்ப் சீலை வழுக்க வைக்கிறதும் அதுதான். பச்சத் தண்ணியில ஓடின பம்பைக் கழட்டிப் பாத்தா இரும்பு இம்பெல்லரின்ட இதழ் ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கும். அப்பிடிப்பட்ட பம்ப் கசியாது, சத்தம் போடாது, ஆனா தண்ணியும் தள்ளாது.

மட்டக்களப்பில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கரையோரக் கிணறு எல்லாம் மணல் கிணறு. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்குது. கோடை காலத்தில, வாவிப் பக்கம் கடல் பக்கம் எல்லாம், வாயில வச்சாலே கரிக்கும். அந்த உப்பில இருக்கிற குளோரைட் அலுமினியத்தில ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். கரையை விட்டு உள்ளுக்குப் போனாலும் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. ரோஸ், சிவப்புக் கூலண்டுகள்ல பொஸ்பேட் இருக்கு. சுண்ணாம்புத் தண்ணியோட அது சேந்தா வெள்ளைப் படிவு கட்டி ரேடியேட்டர் குழாயை அடைக்கும். பைப் தண்ணி, உன்னிச்சைக் குளத்தில இருந்து வாறது எண்டாலும் சரி, கழுவுறதுக்கு மட்டும். உள்ளுக்கு நிரந்தரமா நிக்கிறது டிஸ்டில் வோட்டர்தான். பெட்டரிக்கு ஊத்துற அதே போத்தல் தண்ணி. பெட்டரி அசிட் இல்ல, கடையில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கும், லேபலை வாசிச்சு வாங்குங்க.

உங்கட காருக்கு டொயோட்டா ரோஸ் கலர் சுப்பர் லோங் லைப். புதுக் காருக்கு முதல் தடவை 160,000 கிலோமீற்றர், அதுக்குப் பிறகு ஒவ்வொரு 80,000க்கும் மாத்தணும். ஜப்பான்ல வருசக் கணக்கு முதல் 7, பிறகு 4. எது முந்தி வருதோ அது. பழைய சிவப்பு லோங் லைப் எண்டா 40,000 அல்லது 2 வருசம். பழகின கார் வாங்கியிருந்தா உள்ளுக்கு என்ன கலந்து கிடக்கு எண்டு ஆருக்கும் தெரியாது, அதால 80,000 கணக்கைப் புதுசாத் தொடங்கிறதுதான் சரி.

நிறத்தைப் பாத்து வாங்காதீங்க. ரோஸ், சிவப்பு, பச்சை எல்லாம் கொம்பனி போடுற சாயம். ஐரோப்பிய கார்க் கூலண்டும் ரோஸா வரும், ஆனா அதில பலதில சிலிக்கேட் இருக்கும். ஜப்பான் கார்ப் பம்ப் சீலுக்கு பொஸ்பேட் உள்ள, சிலிக்கேட் இல்லாத வகைதான் ஒத்துவரும். போத்தல்ல "ஆசிய வாகனம்" எண்டு போட்டிருக்கும். ரெண்டு வகையைக் கலந்தா சில நேரம் ஜெலி மாதிரிக் கட்டிரும்.

இன்னொண்டு, கசிவை அடைக்கிற பவுடர், மஞ்சள் தூள், முட்டை, இதுகள் ஒண்டும் வேணாம். கசியிற ஓட்டையும் ரேடியேட்டர்க் குழாயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எத அடைக்கணும், எத விடணும் எண்டு மஞ்சளுக்குத் தெரியாது.

அம்பாறை லைன் (அம்பாறை)

எனக்கு இதில கொஞ்சம் மாற்றுக் கருத்து. பழுதாகும் மட்டும் விடுறது காருக்குச் சரி. ஹயர் ஓடுற வாகனத்துக்கு நான் கிலோமீற்றர் கணக்குத்தான் சொல்லுவன். டொயோட்டா 5எல் டீசல் எஞ்சின் வேன்ல பேன் பூட்டியிருக்கிறது பம்பின்ட தலையில. பெயாரிங் ஆடினா பேன் முன்னுக்கு வந்து ரேடியேட்டரை வெட்டும். ஒரு பம்ப் காசில முடியிற வேலை ரேடியேட்டர், பேன், பேனைச் சுத்தி இருக்கிற ஷ்ரவுட் எண்டு மூண்டு மடங்காகும், ஒரு கிழமை ஹயரும் போகும். 100,000க்கு டைமிங் பெல்ட் லைட் எரியக்குள்ள பம்பையும் சேத்து மாத்திர்றது நட்டமில்ல.

அதே நேரம் பேன் கிளச்சையும் (சூட்டுக்கேத்த மாதிரிப் பேனைப் பிடிச்சு விடுறது) பாருங்க. எஞ்சின் நிப்பாட்டி, சூடா இருக்கக்குள்ள பேனைக் கையால சுத்தினா இறுக்கம் இருக்கணும். சும்மா பல சுத்துச் சுத்தினா, அல்லது கிளச் நடுவில எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் ஒட்டியிருந்தா உள்ளுக்கு இருக்கிற சிலிக்கன் ஒயில் போயிட்டுது. அந்த வேன் டவுனுக்குள்ளயும் சூடாகும், ஏத்தத்திலயும் சூடாகும்.

பத்தாம் நம்பர் ஸ்பெனர்

வேனுக்கு நீங்க சொன்னது சரி, மறுப்பில்ல. அக்சியோவில பேன் தனி மோட்டார், பம்பில தொங்கல்ல. அதால அங்க கிலோமீற்றர் பாத்து மாத்துற அவசரம் இல்ல.

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. மூடி 0.9 போட்டிருக்கு, இப்பதான் போய்ப் பாத்தன்! காக்கா சொன்ன இடைவெளிக்குள்ளயும் ஒரு கைபிடி மணல் கிடக்கு. பம்ப், தேர்மோஸ்டாட், மூடி, கூலண்ட் எண்டு முடிவெடுத்திட்டன். வேலையைத் தெரிஞ்ச பையன் ஒருத்தர் வீட்டிலயே செய்து தாறதெண்டு சொல்றார். என்னென்ன வாங்கிற, எவ்வளவு வாங்கிற, எதில கவனமா இருக்கிற எண்டு சொன்னா நல்லம். பழகின ஜப்பான் பம்ப் எடுக்கலாமா?

பத்தாம் நம்பர் ஸ்பெனர்

பழகின பம்ப் வேணாம். காஞ்சு கிடந்த சீல் திரும்ப நனையக்குள்ள கசியிறதுதான் வழக்கம். ஜெனுவின், இல்லாட்டி அய்சின் வாங்குங்க. டொயோட்டாவுக்குப் பம்ப் செய்து குடுக்கிறதும் அய்சின்தான். பெட்டியைப் பாத்து ஏமாறாம, பம்பை வெளிய எடுத்துப் பாருங்க: வார்ப்பு வழுவழுப்பா இருக்கணும், கையால சுத்தினா ஒரே இறுக்கத்தில, கறகறப்பு இல்லாமச் சுத்தணும், இம்பெல்லர் தண்டில ஆடக்கூடாது.

வாங்க வேண்டியது: கேஸ்கட்டோட பம்ப், ரப்பர் வளையத்தோட தேர்மோஸ்டாட், 1.1 மூடி, பெல்ட்டில குறுக்கு வெடிப்பு இருந்தா பெல்ட், கூலண்ட், டிஸ்டில் வோட்டர். சிஸ்டம் கிட்டத்தட்ட 5 லீற்றர் பிடிக்கும்.

கூலண்டில ஒரு கணக்குப் பிழை நிறையப் பேர் விடுவாங்க. ரேடியேட்டர் அடியில திறந்தா 3 லீற்றர் மட்டுக்குத்தான் வரும். மிச்சம் எஞ்சின் பிளாக்குக்குள்ள நிக்கும். அதுக்குத் தனி டிரெயின் பிளக் இருக்கு, அதைத் திறக்காமத் தண்ணி விட்டுக் கழுவினா உள்ளுக்கு 2 லீற்றர் வெறும் தண்ணி நிக்கும். அதுக்கு மேல கலந்து வாற ரெடிமேட் கூலண்டை ஊத்தினா கலவை 30 சதவீதத்துக்கு இறங்கிரும். அதால கழுவினா தண்ணி கலக்காத கொன்சென்ட்ரேட் வாங்குங்க. முதல்ல இரண்டரை லீற்றர் கொன்சென்ட்ரேட்டை ஊத்தி, மிச்சத்தை டிஸ்டில் வோட்டரால நிரப்புங்க, பாதிக்குப் பாதி வரும். கழுவாம வடிச்சிட்டு நிரப்பிறது எண்டா ரெடிமேட் போதும், அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் கலக்கக்கூடாது. வடிஞ்சது கபிலமாத் துருவோட வந்தா கழுவுங்க, தெளிஞ்ச ரோஸா வந்தா கழுவத் தேவையில்ல. டொய்லெட் கழுவுற அசிட்டை ரேடியேட்டருக்குள்ள ஊத்துற ஆக்களும் இருக்காங்க. அலுமினியத்தை அது தின்னிரும்.

வேலைக்கு வந்தா, எஞ்சின் முழுசா ஆறணும். பெல்ட் இறுக்கமா இருக்கக்குள்ளயே புல்லி போல்ட்டுகளைக் கொஞ்சம் இளக்கிருங்க, பெல்ட்டைக் கழட்டினாப் புல்லி சேந்து சுத்தும், பிடிக்கேலாது. பிறகு கூலண்டை வடிச்சு, ஆல்டர்னேட்டரை இளக்கிப் பெல்ட், புல்லி, பம்ப் எண்ட ஒழுங்கில கழட்டுங்க. பம்பைப் பிடிச்சிருக்கிறது பத்தாம் நம்பர்த் தலைகள். எது எந்த நீளம் எண்டு ஒரு மட்டையில குத்தி வையுங்க.

முகத்தில ஒட்டியிருக்கிற பழைய கேஸ்கட்டைச் சுரண்டக்குள்ளதான் ஆக்கள் கெடுக்கிறது. கிரைண்டர் தாள், உளி வேணாம். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் தின்னரும் போதும். அலுமினியத்தில ஒரு கீறல் குறுக்கால விழுந்தா அதுவே கசிவு. புதுக் கேஸ்கட்டைக் காஞ்சபடி போடுங்க, அதுக்கு மேல சிலிக்கன் பூசினா பிதுங்கி உள்ளுக்குப் போய் ரேடியேட்டரை அடைக்கும். எல்லாத் தலையையும் கையால ஓட விட்டு, பிறகு குறுக்கும் மறுக்குமா 11 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்க. டோர்க் ரெஞ்ச் இல்லாட்டி சின்ன ரெட்சட்டை ரெண்டு விரலால. கை பலத்தைக் காட்டினா அலுமினியப் புரி கழண்டு வரும். புது ஓ-ரிங், சீல் எதையும் கிரீஸ் பூசி ஊற வைக்காதீங்க, கூலண்டால நனைச்சாப் போதும். தேர்மோஸ்டாட்டில ஆடுற குட்டி ஊசி மேல் பக்கமா இருக்கணும், காத்து அதாலதான் வெளிய போகும்.

பெல்ட்டை வயலின் நரம்பு மாதிரி இறுக்காதீங்க. நீளமான பக்கத்தின்ட நடுவில பெருவிரலால பலமா அமத்தினா 10 மில்லிமீற்றர் மட்டுக்கு இறங்கணும். கூட இறுக்கினா புதுப் பம்பின்ட பெயாரிங்தான் முதல் சாகும். ஒரு வருசத்தில ரெண்டு பம்ப் போன கார்களுக்குக் காரணம் அனேகமா இதுதான், பம்பின்ட குறை இல்ல.

நிரப்பக்குள்ள மெதுவா ஊத்துங்க, மேல் கீழ் ஹோஸ்களை அமத்தி அமத்தி விடுங்க. ஹீட்டரைக் கூடின சூட்டுக்கு வச்சு, மூடி இல்லாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, குமிழி வர வர நிரப்புங்க. குமிழி நிண்ட உடன மூடியைப் போட்டு, பேன் ரெண்டு தடவை ஓடி நிக்கும் மட்டும் விடுங்க. பிறகு நிப்பாட்டி, அடுத்த நாள் காலையில, குளிரா இருக்கக்குள்ள, மூடியைத் திறந்து பாருங்க. கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ரேடியேட்டர்க் கழுத்து வரைக்கும் ஊத்தி, போத்தல்ல மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ விடுங்க.

வடிச்ச பழைய கூலண்டைக் கான்ல ஊத்தாதீங்க, வளவில திறந்தும் வைக்காதீங்க. இனிப்பா இருக்கும், நாய், ஆடு, மாடு குடிக்கும், குடிச்சாச் சாகும். கானுக்குள்ள விட்டது வாவிக்குத்தான் போகும்.

இரட்டைப் பம்ப் (ஏறாவூர்)

ஹைபிரிட் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு, இதை வாசிச்சிட்டு டொயோட்டா அக்வாவில பெல்ட்டைத் தேடப்போறாங்க. அக்வாவில எஞ்சின் வோட்டர் பம்ப் கரண்டில ஓடுது, பெல்ட்டே இல்ல. இன்வேட்டருக்கு (பெட்டரிக் கரண்டை மோட்டருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) தனியா இன்னொரு கரண்ட் பம்பும் தனிக் கூலண்ட் போத்தலும் இருக்கு. ரெண்டு போத்தலையும் பாக்கணும், ரெண்டுக்கும் அதே ரோஸ் சுப்பர் லோங் லைப். வண்டியை ஸ்டார்ட் பண்ணி "ரெடி" லைட் வந்த பிறகு இன்வேட்டர்ப் போத்தல் மூடியைத் திறந்தா கூலண்ட் கலங்கி அசையணும். அசையாம நிண்டா அந்தப் பம்ப் போயிட்டுது. ஸ்கேனர்ல பி0ஏ93 (இன்வேட்டர் குளிராக்கிறதில பிழை) எண்டு வந்தாலும் முதல் அதைத்தான் பாக்கிறது. கூடின வோல்டேஜ் ஓடுற ஒரேஞ் வயர் பக்கம் கையைக் கொண்டுபோக வேணாம். காத்து எடுக்கிறதும் வேற முறை, பழகின ஆள்ட்ட விடுங்க.

வாவிக்கரை

ஒரே ஒரு கேள்வி. வேலை முடிஞ்ச பிறகு திரும்பக் கண்டிக்கு ஏறணும். முள்ளு இல்லாத காரில சூட்டை எப்பிடிப் பாக்கிற? திரும்ப லைட் வந்தா என்ன செய்யிற?

ரேடியேட்டர் காக்கா

சிவப்பு லைட்டை நம்பி ஓடாதீங்க, அது எரியக்குள்ள சூடு ஏற்கனவே எல்லை தாண்டியிருக்கும். கார்க் கொம்ப்யூட்டரை வாசிக்கிற புளூடூத் ஓ.பி.டி. ரீடர் ஒண்டு வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழ குத்தி, போன்ல பாருங்க. 141க்கு அனேகமா வேலை செய்யும், அதவிடப் பழைய ஜப்பான் உள்நாட்டுக் கார்கள் சிலதில பேசாது. சமதரையில 82ல இருந்து 92 வரைக்கும் நிக்கும். ஏத்தத்தில 95, 98 போய்ப் பேன் ஓடினதும் இறங்கினா நல்லம். 105 தாண்டினா ஏ.சி.யை நிப்பாட்டிக் கியரைக் குறைங்க. சின்னக் கியர்ல எஞ்சின் கூடச் சுத்தினாப் பம்பும் கூடச் சுத்தும். 110க்கு வந்தா ஓரம் கட்டுங்க.

ஓரம் கட்டின உடன பொனட்டைத் திறந்து பாருங்க. ஹோஸ் வெடிச்சோ, கூலண்ட் ஊத்துப்பட்டோ இல்ல எண்டா எஞ்சினை ஐடில்ல விட்டு, ஹீட்டரைக் கூடின சூட்டுக்கும் புளோவரைக் கடைசி வேகத்துக்கும் போட்டு, கண்ணாடிகளைத் திறந்து விடுங்க. வேர்த்துக் கொட்டும், ஆனா அது ஒரு குட்டி ரேடியேட்டர். ஊத்துப்படுது எண்டா உடன நிப்பாட்டுங்க. மூடியில குறைஞ்சது முக்கால் மணித்தியாலத்துக்குக் கை வைக்கக்கூடாது. துணியைப் போட்டுத் திறக்கலாம் எண்டு ஆரும் சொன்னாலும் கேக்காதீங்க, முகம் வெந்து போகும். சூடான எஞ்சினுக்குக் குளிர் தண்ணி ஊத்தினா அலுமினிய ஹெட் வளையும், வெடிக்கும்.

புதுப் பம்ப் போட்டு, பிரஷர் டெஸ்டும் பிடிச்சு நிக்க, அதுக்குப் பிறகும் போத்தல்ல குறைஞ்சா, ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில இருக்கிற ஹெட் கேஸ்கட்டைப் பாருங்க. அது போயிருந்தா குளிர் எஞ்சினை மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணினா ரேடியேட்டர் வாயில விடாமக் குமிழி வரும், ஒயில் மூடிக்கு அடியில பால்கோப்பி நிறத்தில பிசுபிசுப்பு இருக்கும், காலையில சைலன்சர்ல இனிப்பு மணத்தோட வெள்ளைப் புகை வரும். எல்லாம் சேந்து வரத் தேவையில்ல, ஒண்டு வந்தாலும் நீல மருந்து டெஸ்ட் ஒண்டு செய்யச் சொல்லுங்க. ரேடியேட்டர் வாயில பிடிச்சு உறிஞ்சக்குள்ள நீலம் மஞ்சளானா எரிஞ்ச புகை கூலண்டுக்குள்ள வருது எண்டு அர்த்தம்.